பேர் எழுதாத பேணி

குருமண்வெளித் துறையடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறேகால். வாவியின் மேல் பனி கலையவில்லை. மறுகரை தெரியவில்லை. பாதை அந்தப் பக்கம் போயிருந்தது. மட்டக்களப்பில் பாதை என்றால் வீதி அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் நாங்கள் அந்தப் பெயரை வைத்திருக்கிறோம்.

என்னோடு காத்து நின்றவர்களில் நான்கு பேர் ஆசிரியைகள். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போகிறவர்கள். வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கிற நிலம் சூரியன் எழுகிற பக்கம், அதனால் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி இரண்டையும் பிரித்துக் கிடக்கிறது. பட்டணமும் பெரிய ஆஸ்பத்திரியும் பேர்போன பாடசாலைகளும் கிழக்கே. நெல்லும் பாலும் தயிரும் மேற்கே. மண்முனையில் 2014இல் பாலம் திறந்தார்கள். அந்த வழி சுற்றிப் போக நேரமில்லாதவர்களுக்கு இந்தத் துறையில் பாதைதான் கதி.

ஓர் ஆசிரியையின் கையில் சாக்கில் சுற்றிய தராசு ஒன்று இருந்தது. "களுவாஞ்சிகுடியில ஒரு கடைக்காரரிட்டக் கேட்டு வாங்கினது. பின்னேரம் திருப்பிக் குடுக்கணும் சேர்" என்றார். அந்தத் தராசு போகிற இடத்துக்குத்தான் நானும் போய்க்கொண்டிருந்தேன்.

வயல்களுக்கு நடுவே உள்ள ஓர் ஆரம்பப் பாடசாலை அது. தரம் 1 முதல் 5 வரை, நூற்றுக்கும் குறைவான பிள்ளைகள். வருசத்துக்கு ஒருமுறை, மாரி வெள்ளாமை வெட்டுத் தொடங்கியதும் அங்கே சிறுவர் சந்தை நடத்துகிறார்கள். இலங்கையின் ஆரம்பப் பாடசாலைகளில் சிறுவர் சந்தை புதிதல்ல. பிள்ளைகள் மரக்கறியும் பலகாரமும் கொண்டுவந்து விற்பார்கள், பெற்றோர் வாங்குவார்கள், கணக்குப் பாடமும் சுற்றாடல் பாடமும் ஒன்றாக நடக்கும். இந்தப் பாடசாலையில் அந்தப் பணம் எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்பதைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்ன இரண்டு வரிதான் என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

அதிபர் வாசலிலேயே நின்றார். தோளில் தொங்கிய கமராவைப் பார்த்துவிட்டு, "கோவிக்காதீங்க தம்பி, அதை என்ட அறையில வச்சிட்டு வாங்க" என்றார். "பாடசாலையின்ட பேரையும் எழுதாதீங்க. எழுதினா ஆக்கள் வருவாங்க. வந்தா பெனர் கட்டுவாங்க." நான் இரண்டுக்கும் சம்மதித்தேன். ஏன் அப்படிச் சொன்னார் என்பது மத்தியானத்துக்குள் விளங்கிவிட்டது.

வாசலில் தென்னங்குருத்துத் தோரணம். அதற்குக் கீழே கதிரையில் சாத்திய கரும்பலகையில் பிள்ளைக் கையெழுத்தில் சந்தைச் சட்டம் எழுதியிருந்தது. கடையில் வாங்கிய சாமானை விற்கக்கூடாது. எந்தச் சாமானுக்கும் நூறு ரூபாய்க்கு மேல் விலை சொல்லக்கூடாது. பெரியவர்கள் விற்கக்கூடாது, வாங்கலாம். கடன் இல்லை.

வேப்பமரத்தைச் சுற்றிப் பன்பாய்களை விரித்துக் கடைகள் போட்டிருந்தார்கள். ஒரு பாயில் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி. அடுத்ததில் தேசிக்காய், பச்சைமிளகாய், வாழைப்பூ. ஓலைப்பெட்டியில் கச்சான். சிறிய மண்சட்டியில் எருமைத் தயிர். தாத்தாவோடு வாவிக்குப் போகிற பையன் ஒருவன் காய்ந்த கூனி இறாலைத் தாளில் சுருட்டி அடுக்கி வைத்திருந்தான். கூனி வாசம் தெரியாதவர்களுக்கு மட்டக்களப்பை விளங்கப்படுத்துவது கஷ்டம். வெற்றிலை விற்ற பிள்ளையிடம் "களுதாவளை வெற்றிலையா மனே?" என்று கேட்டேன். "இல்ல சேர், எங்கட வேலியில படர்ந்தது. பெத்தா ஆய்ஞ்சு தந்தா" என்றாள். களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். ஆனாலும் வீட்டு வேலி வெற்றிலையை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

வல்லாரைக் கட்டு 30 ரூபாய். மூன்று கட்டு எடுத்து நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். தரம் 3 படிக்கிற பிள்ளை விரலை மடித்து எண்ணினாள், பிறகு பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை நீட்டினாள். "மிச்சம் வேணாம் மகள், வச்சிரு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "மிச்சம் வாங்காம போகேலாது. கணக்குப் பிழைக்கும்."

அந்தப் பத்து ரூபாயை நான் வாங்கிக்கொண்டேன். நன்கொடைப் பெட்டியில் போடட்டுமா என்று கேட்டதற்கு, அப்படி ஒரு பெட்டி இல்லை என்றார்கள். பணம் கொடுக்க விரும்பினால் இன்னும் ஏதாவது வாங்க வேண்டும். வாங்கினேன். திரும்பும்போது என் பையில் கச்சான், தேசிக்காய், இரண்டு சுருட்டுக் கூனி, வாழைப்பூ ஒன்று எல்லாம் இருந்தன.

மரத்தின் அந்தப் பக்கம் ஒரு பாய் வெறுமையாகக் கிடந்தது. அதன் பின்னால் மூன்று பையன்களும் ஒரு பெண்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மட்டையில் "வேலைக் கடை" என்று எழுதி, கீழே விலைப்பட்டியல்: சாமான் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைக்க 20 ரூபாய், தேங்காய் உரிக்க 20 ரூபாய், சைக்கிள் துடைக்க 30 ரூபாய், கடிதம் வாசித்துச் சொல்ல 10 ரூபாய். கடைசி வரியைப் பார்த்து நின்றேன். கண் மங்கிய பெத்தா ஒருவர் சமுர்த்திக் காரியாலயத்திலிருந்து வந்த தாளொன்றைக் கொண்டுவந்து நீட்டினார். தரம் 5 பிள்ளை அதை நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரம் வாசித்துச் சொன்னாள். பெத்தா சேலைத் தலைப்பை அவிழ்த்துப் பத்து ரூபாய்க் குற்றியை எண்ணிக் கொடுத்தார்.

வேலைக் கடை ஏன் வந்தது என்று தராசு கொண்டுவந்த ரீச்சரிடம் கேட்டேன். முதல் வருசச் சந்தையில் நடந்ததைச் சொன்னார். ஒரு பிள்ளைக்குத் தகப்பன் பட்டணத்திலிருந்து கேக் பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் விற்று முதலாம் இடம் வாங்கிவிட்டது. இன்னொரு பிள்ளை ஆறு தேசிக்காயோடு கடைசிவரை உட்கார்ந்திருந்தது. மூன்று பேர் அன்றைக்குப் பாடசாலைக்கே வரவில்லை. "ஏன் வரல்லையெண்டு அடுத்த நாள் கேட்டன். காய்ச்சலெண்டாங்க. மூண்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல். வீட்டில கொண்டுவர ஒண்டும் இல்லயெண்டு எனக்கு விளங்க ரெண்டு நாள் எடுத்திச்சு சேர்." அடுத்த வருசம் கடைச் சாமானுக்குத் தடை போட்டார்கள், முதலாம் இடம் இரண்டாம் இடத்தை எடுத்துவிட்டார்கள், வேலைக் கடையைத் தொடங்கினார்கள். கையும் காலும் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது. இப்போது வேலைக் கடையில் உட்கார அடிபடுகிறார்களாம். வீட்டிலிருந்து சாமான் கொண்டுவந்த பிள்ளைகளும் அங்கே முறைக்கு வந்து உட்காருகிறார்கள். யார் இல்லாமையால் உட்கார்ந்தது, யார் ஆசையால் உட்கார்ந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. ரீச்சர் திட்டம்போட்டுச் செய்த காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த யோசனைக்கு நாட்டில் நல்ல மூதாதையர் உண்டு. சாரணர்கள் வேலை வாரம் வைத்து வீடு வீடாகவும் காரியாலயங்களுக்கும் போய்ச் சிறு வேலை செய்து, கூலியை அட்டையில் கையெழுத்தோடு வாங்கி இயக்கத்துக்குச் சேர்ப்பார்கள். 1912இல் மாத்தளையில் தொடங்கிய இலங்கைச் சாரணியத்தில் சும்மா கைநீட்டிக் காசு வாங்குவது பழக்கமில்லை. சிரமதானம் என்ற சொல்லை இன்று குப்பை கூட்டுகிற எல்லா இடத்திலும் கேட்கிறோம். அதை நாடு முழுக்கக் கொண்டுபோன சர்வோதய இயக்கமும் ஒரு பாடசாலையிலிருந்துதான் புறப்பட்டது. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்த ஏ. டி. ஆரியரத்ன, மாணவர்களைக் கனதொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துப் போனார். பட்டணத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, அந்த மக்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். சிரமம் என்றால் உழைப்பு. உழைப்பைத் தானமாகக் கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் கையில் ஒரே மண்தான் ஒட்டும். இந்த வேலைக் கடையில் அதே மண்ணைத்தான் பார்த்தேன்.

பத்து மணிக்குச் சந்தை முடிந்தது. தராசு துடைத்துச் சாக்குக்குள் போனது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கத்தான் நான் வந்தது.

தரம் 2 வகுப்பறையின் மூலையில், மாப்பேணியைவிடக் கொஞ்சம் பெரிய தகரப்பேணி ஒன்று இருக்கிறது. அதில் யாருடைய பேரோ, பாடசாலையின் பேரோ எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து அதில் போட வேண்டும். பிடி என்றால் அந்தப் பிள்ளையின் பிடி. அம்மாவின் பிடி அல்ல. அன்றைக்குச் சந்தை நாள் என்பதால் எல்லா வகுப்பும் ஒன்றாக வரிசையில் வந்தது. கடுதாசிச் சுருளில், சின்னப் போத்தலில், கைலேஞ்சி முடிச்சில், சிலர் வெறும் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. தரம் 1 பையன் ஒருவனின் உள்ளங்கை வியர்த்து அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. உதறி உதறிப் போட்டான். புது நெல்லரிசி, சிவப்பும் வெள்ளையும் கலந்து விழுந்தது. வரிசை முடிந்ததும் பேணியை ஒருமுறை குலுக்கினார்கள். யாருடைய பிடி எதுவென்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

கொண்டுவராத பிள்ளை என்ன செய்யும்? வரிசையில் வந்து, மூடிய கையைப் பேணிக்குள் விட்டு எடுத்துப் போகும். கை திறந்ததா, அதில் ஏதும் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. ரீச்சர் அந்த நேரத்தில் யன்னல் பக்கம் திரும்பி நிற்பார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் கண்டது.

பிடியரிசி எங்களுக்குப் பழைய சொல். உலை வைக்கிறபோது ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டு வைப்பது வீட்டுப் பெண்களின் வழக்கம். கோயிலுக்கோ மடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ தண்ட வருகிறவர்களிடம் அதைக் கொடுப்பார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் கதையில் பிடியரிசிக்கு இடமுண்டு. ஈழத்தில் சைவப் பாடசாலைகள் பலவும் அப்படித்தான் மூச்சுவிட்டன. எங்கள் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பெண்களும் நேர்கடனுக்காக வீடு வீடாகப் போய்ச் சேலை மடியை ஏந்தி மடிப்பிச்சை எடுப்பார்கள். பெரிய வீட்டுப் பெண் ஏந்துகிற மடியில் ஏழை வீட்டுப் பெண் அரிசி போடுவாள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்ற கணக்கை அந்த ஒரு நாள் தலைகீழாக்கிவிடும்.

பிடியரிசியில் நான் மதிக்கிறது அதன் அளவை. வயல் சொந்தக்காரரான போடியாரின் பிடியும் அவரிடம் வேலை செய்கிற வயற்காரனின் பிடியும் பெரிதாக வேறுபடாது. ஆயிரம் அவணம் நெல் விளைந்தவருக்கும் ஒரு பிடிதான். நூறு ரூபாய்க்கு மேல் விற்காதே என்று கரும்பலகையில் எழுதியிருந்ததன் வேரும் இங்கேதான் இருக்கிறது.

சேருகிற அரிசி மாதம் ஒருமுறை ஊரில் தனியாக இருக்கிற வயதானவர்களுக்குப் போகிறது. பிள்ளைகள் தரம் 4 ரீச்சரோடு போய்க் கொடுத்துவிட்டு, முற்றம் கூட்டி, தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு வருவார்கள். சந்தைப் பணம் வேறு வழியில் போகிறது. அதைப் பார்க்க என்னைத் தரம் 5 வகுப்பறைக்குக் கூட்டிப்போனார்கள்.

அந்த வகுப்பறையின் பின்சுவரோடு பூட்டில்லாத அலுமாரி ஒன்று. உள்ளே கொப்பிகள், பென்சில்கள், அழிறப்பர், வெவ்வேறு அளவில் வெள்ளைச் சப்பாத்துகள், இரண்டு புத்தகப்பை, ஒரு மழையங்கி. எந்த வகுப்புப் பிள்ளையும் வரலாம், தேவையானதை எடுக்கலாம். பேர் பதிவு இல்லை. மாதமுடிவில் ரீச்சர் சாமானை மட்டும் எண்ணி, குறைந்ததை வாங்கி நிரப்புகிறார். இலங்கையில் பாடநூலும் சீருடைத் துணியும் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் கொப்பி, பை என்று வீட்டுச் செலவு இன்னும் இருக்கிறது. இரண்டு மூன்று பிள்ளை படிக்கிற கூலிக்கார வீட்டில் ஜனவரி மாதம் என்ன பாடுபடுத்தும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"கள்ளமா எடுத்துக்கொண்டு போக மாட்டாங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அதிபர் கோபிக்கவில்லை. "ஒருத்தன் ஒரே மாசத்தில நாலு கொப்பி எடுத்தான். தங்கச்சி ரெண்டு பேர் இரிக்காங்க. அதைக் கள்ளமெண்டு எப்படித் தம்பி சொல்ற?"

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு புத்தகப்பையின் கதை இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது எங்கள் வீடு கல்லடிக் கடற்கரையில் இருந்தது. எனக்குப் பத்து வயது. நாவலடியில் வீடுகள் இருந்த இடம் மணலாகிக் கிடந்தது. எங்கள் உறவில் போனவர்களை எண்ணி முடிக்கவே நாட்கள் எடுத்தன. பாடசாலைக் கட்டடம் ஒன்றில் அகதிகளாக இருந்தோம். சில கிழமைக்குப் பிறகு ஒரு நிறுவனம் பிள்ளைகளுக்குப் பை கொண்டுவந்தது. வரிசையில் நின்றோம். பேர் வாசித்தார்கள். ஒருவர் பையின் ஒரு வாரைப் பிடிக்க, நான் மற்ற வாரைப் பிடிக்க, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கண்ணாடி வெளிச்சம் பட்டதென்று இரண்டாம் முறையும் எடுத்தார்கள். தங்கை இறந்து ஒரு மாதம் ஆகவில்லை. பையின் முதுகில் நிறுவனத்தின் பேர் பெரிய எழுத்தில். அடுத்த இரண்டு வருசம் அந்தப் பையோடுதான் பாடசாலைக்குப் போனேன். புதுப் பாடசாலையில் என் பேர் தெரியாதவர்கள்கூட என்னை "சுனாமிப் பை" என்று கூப்பிட்டார்கள்.

பை நல்ல பை. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அந்தப் படத்தை எங்கேயாவது ஒரு நாட்டில் ஒரு நல்ல மனுசர் பார்த்து இன்னும் காசு அனுப்பியிருப்பார். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது பை. படம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த இரண்டையும் ஒரே கையில் வைத்துக் கொடுத்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

1978 நவம்பர் சூறாவளியிலிருந்து எங்கள் மாவட்டம் உதவி வாங்கிக்கொண்டே இருக்கிறது. சூறாவளி, யுத்தம், சுனாமி, ஆண்டுதோறும் வெள்ளம், 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு. வாங்கியே பழகிய ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கையையும் பழக்க வேண்டும் என்பது இந்த அதிபரின் பிடிவாதம். அதற்காகத்தான் அந்தப் பேர் எழுதாத பேணியும் பூட்டில்லாத அலுமாரியும்.

தரம் 5 வகுப்பில் பணம் எண்ணினார்கள். பத்து ரூபாய்க் குற்றிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினார்கள். தாள்களை மடிப்பு நீக்கித் தடவி வைத்தார்கள். ஒவ்வொரு கடையின் வரவையும் கரும்பலகையின் இடப்பக்கம் எழுதினார்கள். கூட்டிப் பார்த்தால் கையிலிருந்த பணம் 40 ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணினார்கள். யாரோ ஒரு சின்னப் பிள்ளை மிச்சத்தை இரண்டு தரம் கொடுத்திருக்க வேண்டும். ஓர் ஆசிரியை தன் கைப்பையைத் திறந்தார். அதிபர் தடுத்தார். "குறைவு 40" என்று எழுதச் சொன்னார். எழுதினார்கள். அந்தக் கரும்பலகையை அடுத்த திங்கள் வரை அழிக்க மாட்டார்களாம், பெற்றோர் வந்து பார்ப்பதற்காக. மொத்தத் தொகை எனக்குத் தெரியும். வேறு பாடசாலைகளோடு ஒப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

பெரிய பங்கு அலுமாரிக்கு. ஒரு பங்கை என்ன செய்வது என்று பிள்ளைகள் பேசி முடிவெடுத்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து போனது. பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் சரிந்து வீடுகளின் மேல் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். இங்கேயும் வயலில் வெள்ளம் நின்றது. "அங்க வெள்ளாமை இல்லயாம், தேயிலை மட்டும்தானாம்" என்று ஒருவன் கவலைப்பட்டான். மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குக் கொப்பியும் பென்சிலும் அனுப்புவதென்று கைதூக்கி முடிவு செய்தார்கள். இந்த ரீச்சர்மாரில் ஒருவருடைய சிநேகிதி அங்கே படிப்பிக்கிறார், பொதி அவர் மூலம் போகும்.

பொதியோடு வைக்க ஒரு கடிதம். கரும்பலகையின் மூலையில் ஒரு பிள்ளை எழுதத் தொடங்கினாள்: "பாதிக்கப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு." ரீச்சர் பேசாமல் வெண்கட்டியை வாங்கி அவளிடமே திருப்பிக் கொடுத்து, "அவங்க உங்களுக்கு அனுப்பினா, உங்கள என்னண்டு கூப்பிடணும்?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். கையால் வரியைத் துடைத்தாள். "எங்கட சிநேகிதர்களுக்கு" என்று எழுதினாள். அடுத்த வரியாக வாவியில் கூனி பிடிக்கிற கதையைத் தொடங்கிவிட்டாள்.

எல்லாம் சுகமாக நடக்கிறது என்று எழுதினால் பொய். தரம் 5 பெற்றோரில் சிலருக்கு இதில் விருப்பமில்லை. புலமைப் பரிசில் பரீட்சை வருகிற வருசத்தில் ஒரு நாள் போனாலும் புள்ளி போகும் என்று பயப்படுகிறார்கள். வாசலில் ஒரு தாய் என்னிடமே சொன்னார்: "சந்தை நல்லம்தான் தம்பி, ஆனா பட்டணத்துப் புள்ளையள் இந்த நேரம் வகுப்பில இரிப்பாங்க." அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். படுவான்கரையில் ஒரு பிள்ளை நல்ல பாடசாலைக்குத் தாண்டிப் போக அந்தப் பரீட்சை ஒன்றுதான் பாதை. வேறு சில பாடசாலைகளில் சேவை என்ற பேரில் பெற்றோரிடமே கட்டாயமாகக் காசு அறவிடும் வழக்கம் இருக்கிறது. கல்வி அமைச்சு அதைத் தடுத்துச் சுற்றறிக்கை விட்ட பிறகும் முற்றாக நின்றபாடில்லை. இங்கே ஒரு பெற்றோருக்கும் துண்டு அனுப்பவில்லை என்பதை அந்தத் தாயும் ஒத்துக்கொண்டார். கையில் ஒரு கட்டு வல்லாரையோடுதான் அவரும் வீட்டுக்குப் போனார்.

பின்னேரப் பாதையில் தராசும் நானும் திரும்பினோம். கல்லடியில் வீட்டுக்குப் போகுமுன் சிவானந்த வித்தியாலயத்துக்குள் திரும்பி சுவாமி விபுலாநந்தரின் சமாதியடியில் கொஞ்ச நேரம் நின்றேன். 1892இல் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்து, 1924இல் துறவு பூண்டு, 1929இல் இந்தப் பாடசாலையைத் தொடங்கியவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், யாழ் நூல் எழுதியவர் என்றுதான் அவரைப் புத்தகங்களில் படிக்கிறோம். பெற்றோரில்லாத பிள்ளைகளுக்கும் வசதியில்லாத பிள்ளைகளுக்கும் இங்கே இல்லம் அமைத்து, அவர்களுக்குச் சோறும் படிப்பும் ஒரே கூரைக்குள் கிடைக்கச் செய்தவரும் அவர்தான். 1947இல் அவர் காலமான பிறகும் இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லம் தொடர்ந்து நடந்துவருகிறது. சுனாமிக்குப் பிறகு என் வகுப்பில் இருந்த இருவர் அந்த இல்லத்துப் பிள்ளைகள். அவர்கள் முதுகில் எந்தப் பேரும் எழுதிய பையை நான் கண்டதில்லை.

கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்து எங்கள் பாடசாலைகளுக்கு அனுப்புகிற உறவுகளுக்கும், கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து வருகிற நல்ல மனசுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அனுப்புங்கள், நிறுத்தாதீர்கள். தேவை இருக்கிறது. ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் கேட்காதீர்கள். சாமானைப் பின்வாசலால் அலுமாரிக்குள் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் காசு எங்கே போனதென்று தெரிய வேண்டுமானால் கணக்கைக் கேளுங்கள். வரவையும் செலவையும் குறைந்த 40 ரூபாயையும் சேர்த்து எழுதி அனுப்புவார்கள்.